ராஜ்யமும் நிபந்தனையும்

மலேசியாவின் ஜோகூரில், ஆற்றங்கரை ஊராகிய கோத்தா திங்கியில், இரண்டு சமாதிகள் இருக்கின்றன. கம்போங் மக்காமில் இருப்பது 1699-ஆம் ஆண்டில் கொலையுண்ட சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஷாவினுடையது. கம்போங் கிளந்தானில் இருப்பது அவரைக் கொன்ற படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமாவினுடையது. இவ்விருவரில் நல்லவன் எவன், தீயவன் எவன் என்று கேட்டால், மலாய் மக்களின் பழைய இலக்கியம் அவசரப்பட்டுத் தீர்ப்பளிப்பதில்லை.

கர்ணபரம்பரைக் கதை கொடூரமானது. மெகாட் ஸ்ரீ ராமாவின் மனைவி டாங் அனும் கர்ப்பவதியாயிருந்த காலத்தில், மசக்கையால் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றை விரும்பி உண்டாள் என்றும், வயிற்றுச் சிசுவே அதைக் கேட்டது என்று அவள் சொன்னதைச் சோதிக்கச் சுல்தான் அவள் வயிற்றையே கிழிக்கச் செய்தார் என்றும், கடலினின்று திரும்பிய கணவன், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக ஆட்கள் தோளில் சுமந்து சென்ற மன்னரைக் கெரிஸ் என்னும் குத்துவாளால் குத்தினான் என்றும், உயிர் பிரியுமுன் மன்னர் எறிந்த கெரிஸ் கொலைஞனின் காலில் தைத்து, அப்புண்ணில் புல் முளைத்தது என்றும் சொல்வார்கள். பலாச்சுளை மெய்யோ பொய்யோ, நான் அறியேன். ஆனால் 1695-ல் தான் காணிக்கையாக அளித்த கைத்துப்பாக்கியை இந்தச் சுல்தான் வழிப்போக்கன் ஒருவன்மீது சுட்டுப் பரீட்சித்தார் என்று ஸ்காத்லாந்துக் கப்பல் தலைவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் எழுதியிருப்பதை நினைக்கையில், முழுதும் கற்பனையென்று தள்ள மனம் ஒப்பவில்லை.

இக்கொலைக்கு எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1612-ல், இதே ஜோகூர் ராஜ்யத்தின் பெண்டஹாரா என்னும் முதல் மந்திரியான துன் ஸ்ரீ லானாங் தொகுத்த ‘சுலாலத்துஸ் ஸலாத்தீன்’ என்னும் ராஜவம்ச சரித்திரத்தில் ஓர் உடன்படிக்கை கூறப்படுகிறது. பலெம்பாங்கின் தலைவன் டெமாங் லெபார் டாவுன், மலாய் மன்னர்களின் ஆதிபுருஷனாகிய சாங் சபூர்பாவிடம், பிரஜைகள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அவர்களை அவமானப்படுத்தலாகாது என்று கேட்கிறான். மன்னனோ, தன் சந்ததியார் கொடியவரேயாயினும் பிரஜைகள் ராஜத்துரோகம் செய்யலாகாது என்று பிரதிக்ஞை வேண்டுகிறான். டெமாங் அதற்கு இசைகிறான். ஆயினும் மன்னன் வழியினர் முதலில் வாக்கை மீறினால் தன் வழியினரும் மீறுவர் என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துவிடுகிறான். என் அபிப்பிராயத்தில், அந்நூலின் உயிர்நிலை அந்த வார்த்தையிலேதான் இருக்கிறது.

மலாய் ராமகதையாகிய ‘ஹிகாயத் ஸ்ரீ ராமா’விலும் இதே போக்கைக் காண்கிறோம். அங்கே இராவணன் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்ய, நபி ஆதம் அவனுக்காகப் பரிந்து பேச, நீதியாக ஆளவேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் இறைவன் அவனுக்கு ராஜ்யங்களை அருளுகிறான். ஆகவே அவனுடைய தீமை அரக்கப் பிறப்பினால் மட்டும் வந்ததன்று. நிபந்தனையை மறந்ததினால் வந்தது. பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்ட கதையைச் சிலப்பதிகாரத்தில் படித்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் பாண்டியன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து மாண்டான். மஹ்மூத் ஷாவுக்கு ஒரு கெரிஸ் தேவைப்பட்டது.

மன்னர் சந்ததியின்றி இறந்ததால் மலாக்கா ராஜவம்சம் அற்றுப்போக, பெண்டஹாரா அப்துல் ஜலீல் சுல்தானானார். 1718-ல் சியாக்கிலிருந்து வந்த ராஜா கெச்சில், கொலையுண்டவர் இறந்தபின் பிறந்த புத்திரன் தானே என்று உரிமை கோரித் தலைநகரைக் கைப்பற்றியபோது, ஓராங் லாவுட் என்னும் கடல்மக்கள் அவன் பக்கம் சேர்ந்தனர். அப்துல் ஜலீலை ஏற்ற பிரபுக்களின் கணக்கில் முதலில் வாக்குத் தவறியவர் மன்னர். கடல்மக்களின் கணக்கிலோ ராஜவதைதான் மகாபாதகம். அப்துல் ஜலீல் 1721-ல் பகாங் ஆற்று முகத்துவாரத்தில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு, சுலவேசித் தீவினரான புகிஸ் வீரர்கள் அவர் புதல்வர் சுலைமானை ரியாவில் சுல்தானாக்கி, அதிகாரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அப்பொழுதும் மலாய்க்காரர், புகிஸ்காரர் ஆகிய இரு சாராருக்கும் இடையே ஒரு சத்தியப் பிரமாணம் செய்துகொள்ளப்பட்டது.