பெற்றோர் செய்த பாவமா?

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை நாம் மறையுரைகளில் பலமுறை விளக்கியிருக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்ட சீடர்கள், இதற்குக் காரணமான பாவம் அவருடையதா, பெற்றோருடையதா என வினவுகின்றனர். ஆண்டவரோ இரண்டையும் மறுத்துவிடுகிறார். இவ்வாறு விளக்கிய நாமே, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மனச்சிதைவு நோயுற்ற மகனுக்காகக் கண்ணீருடன் பங்கு இல்லத்திற்கு வந்த ஓர் அன்னையிடம், வீட்டில் குடும்பச் செபம் ஒழுங்காக நடைபெறுகிறதா என்று கேட்டோம். அவர் பதில் கூறாமல் எழுந்து சென்றார். அதன்பின் திருப்பலியில் அவரைக் கடைசி வரிசையில்தான் கண்டோம்.

சீடர்களின் அதே கேள்வி கடந்த நூற்றாண்டில் மருத்துவ நூல்களுக்குள்ளும் புகுந்திருந்தது. 1948ஆம் ஆண்டு ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் என்னும் மனநல மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுதிவைத்தார். 1956இல் கிரெகரி பேட்சனும் அவருடைய துணைவர்களும், பெற்றோர் பிள்ளையிடம் ஒன்றுக்கொன்று முரணான செய்திகளை இடைவிடாமல் வழங்குவதே நோய்க்கு வித்தாகிறது என்ற கோட்பாட்டை வெளியிட்டனர். இவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். எனினும் ஒரு தலைமுறைக் காலம், அமெரிக்காவில் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தாய், சாட்சியாக அன்றிக் குற்றவாளியாகவே நின்றார். அக்கோட்பாட்டை நிலைநாட்டும் சான்று பின்னாளில் கிடைக்கவில்லை. பரம்பரைக் கூறுகளுக்கும் மூளையின் வளர்ச்சிக்கும் இந்நோயில் பங்குண்டு என்றே இன்று அறிகிறோம்.

இதனிடையே மருத்துவமனைகளின் கதவுகள் திறந்தன. 1955ஆம் ஆண்டில் அந்நாட்டின் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5 இலட்சத்து 58 ஆயிரம் பேர் அடைபட்டிருந்தனர். குளோர்புரோமசின் போன்ற புதிய மருந்துகள் வந்தன. ஊர்தோறும் மனநல மையங்கள் அமைப்பதற்கான சட்டத்தில் 1963 அக்டோபரில் அதிபர் கென்னடி கையொப்பமிட்டார். அவருடைய கத்தோலிக்கக் குடும்பத்திலேயே ஒரு மறைவான துயரம் இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியிருந்த அவருடைய சகோதரி ரோஸ்மேரி, 1941இல் மூளையில் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையால் முற்றிலும் முடங்கி, விஸ்கான்சின் மாநிலத்தில் பிரான்சிஸ்கன் அருட்சகோதரியர் நடத்திய இல்லமொன்றில் 2005இல் இறக்கும்வரை வாழ்ந்தார். செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பமே இருபது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை என்றால் ஏனையோர் நிலை என்ன? மருத்துவமனைகள் காலியாயின, மையங்களோ போதிய அளவு எழவில்லை. நோயாளிகள் பலர் தெருவுக்குச் சென்றனர். பலர் வீட்டிற்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்ட அதே தாயிடம் திரும்பினர்.

அதே விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசனில், 1977ஆம் ஆண்டு இரு தாய்மார் மதிய உணவிற்காகச் சந்தித்தனர். ஒருவர் ஹேரியட் ஷெட்லர், மற்றவர் பெவர்லி யங். இருவருடைய மகன்களுக்கும் மனச்சிதைவு. இன்னும் சிலரை அழைப்போம் என்று முடிவு செய்தனர். முதற்கூட்டத்திற்கு வந்தோர் 13 பேர். தங்கள் அமைப்புக்கு ஷெட்லர் பரிந்துரைத்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'அமி' என ஒலித்தன; பிரெஞ்சு மொழியில் அதற்கு நண்பர் என்று பொருள். வேறு ஊர்களிலும் இத்தகைய குழுக்கள் தனித்தனியே தோன்றியிருந்தன. அவர்களை 1979 செப்டம்பரில் மேடிசனுக்கு அழைத்தபோது 250க்கும் மேற்பட்டோர் வந்தனர். நாடு தழுவிய கூட்டமைப்பு அங்கே பிறந்தது.

இவர்களுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. ஜப்பானில் 1965இலேயே குடும்பங்களின் தேசியச் சங்கம் எழுந்தது. இங்கிலாந்தில் ஜான் பிரிங்கிள் என்னும் தந்தை, 1970இல் தம் மகனின் நோயைக் குறித்து 'டைம்ஸ்' நாளேட்டில் பெயர் குறிப்பிடாமல் எழுதினார். அதைப் படித்துத் திரண்டோரைக் கொண்டு ஈராண்டில் ஒரு சங்கம் உருவாயிற்று. பெயரிட அஞ்சிய ஒரு தந்தையின் எழுத்தே பிற பெற்றோரை வெளியே அழைத்தது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

மேடிசன் குழுவின் வழிவந்தோர் செய்த பணிகளுள் நமக்கு மிகவும் பிடித்தது, 1991இல் வெர்மாண்டில் ஜாய்ஸ் பர்லண்ட் வகுத்த பாடத்திட்டமே. நோயுற்றோரின் உறவினர் கட்டணமின்றிக் கற்கின்றனர். கற்பிப்போரும் அதே துயரைச் சுமக்கும் தொண்டர்களே. குறையையும் சொல்லிவிட வேண்டும். 2006 முதல் 2008 வரை அக்கூட்டமைப்பு பெற்ற நன்கொடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மருந்து நிறுவனங்களிடமிருந்து வந்தது என்பது 2009இல் வெளிப்பட்டது. எளியோரின் குரலுக்காகத் தொடங்கிய அமைப்பு அவ்வளவு பெருந்தொகையை அங்கிருந்து பெற்றிருக்கக் கூடாது என்பதே நம் கருத்து.

நம் நாட்டிலோ வரலாறு வேறு திசையில் சென்றது. 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளியோடு குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் உறவினரை உடன் தங்கவைத்தது. குடும்பம் இங்கே வெளியேற்றப்படவில்லை, சுமைதாங்கியாக ஏற்கப்பட்டது. ஆனால் சுமைதாங்கியை எவரும் கருத்துக் கேட்பதில்லை. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும், 1989இல் குடும்பத்தார் கூடி அமைத்த 'ஆஷா' சங்கமும் நிலைமையை மாற்ற முயன்றன. ஆயினும் 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோரால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். பிற சமயத்தார் ஊரில் நிகழ்ந்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. கைகள் கட்டப்பட்ட பிள்ளையோடு திருத்தலத்திற்குப் புறப்பட்ட குடும்பங்களை நாமும் ஆசீரளித்து அனுப்பியிருக்கிறோம். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

சென்ற ஆண்டு தவக்காலத்தில், நம் பங்கு இல்லத்தின் பின்னறையில் இத்தகைய குடும்பங்களை ஒருமுறை கூட்டினோம். கோவிலில் அறிவித்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என ஆசிரியை ஒருவர் எச்சரித்ததால், வீடு வீடாகச் சென்று அழைத்தோம். நான்கு குடும்பங்கள் வந்தன. கதவைச் சாத்தச் சொன்னார்கள். மாத்திரையைச் சோற்றில் மறைத்துக் கொடுப்பது தவறா என்று ஒரு தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். விடையளிக்க நாம் வாயெடுக்குமுன், தாமும் அப்படியே செய்துவந்ததாகவும், ஒருநாள் மகள் அதைக் கண்டுபிடித்து உண்பதையே நிறுத்திவிட்டதாகவும் எதிரில் இருந்த அம்மா கூறினார். நாம் தேநீர் ஊற்றுவதோடு நின்றுகொண்டோம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அன்னை வாழ்வது நாம் முன்பு பணியாற்றிய பங்கில். உயிர்ப்பு விழா முடிந்து பேருந்தேறிச் சென்றோம். வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டோம். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். "தம்பி தூங்குறான் சாமி, மெதுவாப் பேசுங்க" என்றார்.