பட்டத்தின் கம்பி சட்டைப் பைக்குள் வந்த கதை

நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் சிக்னல் குன்றின்மேல், 1901 டிசம்பர் 12ஆம் தேதியன்று, சீறியடித்த குளிர்காற்றில் ஒரு பட்டத்தை ஏற்றி, அதிலிருந்து ஏறக்குறைய 500 அடி நீளக் கம்பியைத் தொங்கவிட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையிலிருந்து வானொலி அலைவழி வந்த மூன்று 'டிக்' ஒலிகளைத் தம் காதால் கேட்டதாகக் கம்பியில்லாத் தந்தியின் முன்னோடி மார்க்கோனி உலகுக்கு அறிவித்தார். கேட்டது மெய்தானா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். ஆண்டெனாவாகிய அந்தக் கம்பி ஏன் அத்தனை நீளம் என்பதே நம் கேள்வி. அலை நீண்டால் கம்பியும் நீள வேண்டும். அலைநீளத்தில் கால் பங்கேனும் இருந்தால்தான் கம்பி இயல்பாக அதிர்ந்து சக்தியை ஆகாயத்தில் விடும், அங்கிருந்து வாங்கவும் செய்யும்.

நூறாண்டுக்குள் அக்கம்பி உள்ளங்கையில் அடங்கிற்று என்றால், அதற்குப் பிரதான காரணம் மனித சாமர்த்தியம் அன்று, அலையே குறுகியதுதான். கைப்பேசி கையாளும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு ஒரு விரல் நீளம். அதற்கும் கீழே குறுக்க முனைந்தோரை 1947இல் பொறியாளர் வீலரும், மறு ஆண்டு எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லான் ஜென் சூவும் கணிதத்தால் எச்சரித்தனர்: ஆண்டெனாவைக் குறுக்கக் குறுக்க அது ஏற்கும் அலைவரிசையின் அகலமும் சுருங்கும், அகலத்தைப் பிடிவாதமாகக் காத்தால், ஊட்டிய சக்தி உஷ்ணமாய் வீணாகும்.

1973இல் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் வீதியில் பேசிய முதல் கைப்பேசியின் உச்சியில் ஆண்டெனா பகிரங்கமாகவே நீட்டிக்கொண்டிருந்தது. பின்வந்தவற்றில் அது இழுத்தால் நீளும் குச்சியாயிற்று. ரப்பர் உறைக்குள் சுருள்கம்பியை அடக்கிய குட்டைக் கொம்பும் ஆயிற்று. 1980களில் ஜப்பானியப் பொறியாளர்கள் உள்ளடங்கிய ஆண்டெனாவை ஆராய்ந்தனர்: ஒரு சிறு உலோகத் தகட்டைச் சர்க்யூட் பலகைக்குச் சில மில்லிமீட்டர் உயரத்தில் படுக்கவைத்து, ஒரு காலைப் பலகையின் எர்த்தோடு சேர்த்து, சற்றுத் தள்ளி இன்னொரு காலால் மின்சாரம் ஊட்டினர், பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்ந்த 'எஃப்' எழுத்து. 1999இல் வந்த நோக்கியா 3210 கொம்பில்லாத கைப்பேசியைச் சாமானியர் கையிலும் சேர்த்தது.

ஆயினும் அந்தத் தகடு தனித்து உழைப்பதில்லை. அது பலகை நெடுகிலும் மின்னோட்டத்தைத் தூண்டிவிடுகிறது; 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளில் கதிர்வீச்சின் பெரும்பங்கு பலகையினுடையதே. ஆதலால் 'சிறிய ஆண்டெனா' என்பதை நான் உபசார வார்த்தையாகவே கொள்வேன். கைப்பேசி முழுவதுமே ஆண்டெனா, அதைப் பற்றிய கையும் அதற்குக் கூட்டாளி. 2010இல் ஐஃபோன் 4இன் விளிம்பிலிருந்த எஃகுப் பட்டையையே ஆண்டெனாவாக அமைத்தார்கள். இடப்பக்கத்துக் கீழ் இடைவெளியை உள்ளங்கை மூடியபோது சிக்னல் கோடுகள் இறங்கின. வாங்கியவர்கள் கூச்சலிட, நிறுவனம் இலவசமாக உறை கொடுத்தது.