ராக்லன் கோட்டையும் ரோஜாப் போர்களும்: வில்லியம் ஹெர்பர்ட்டின் எழுச்சியும் வீழ்ச்சியும்

ஆங்கில ஆட்சியை எதிர்த்து வேல்ஷ் தலைவர் ஓவைன் கிளின்டூர் நடத்திய கிளர்ச்சியை அடுத்து 1401, 1402ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள், வேல்ஸின் முக்கிய அரசுப் பதவிகளிலிருந்து வேல்ஷ் மக்களை விலக்கி வைத்தன. அச்சட்டங்கள் நீக்கப்படாமல் இருந்த காலத்திலேயே, 1468இல், வில்லியம் ஹெர்பர்ட் என்ற வேல்ஷ்காரர் பெம்ப்ரோக் ஏர்ல் பட்டம் பெற்றார். இதற்குச் சட்டத்தின் தளர்வு காரணமன்று. லங்காஸ்டர் குடும்பத்துடனான அரியணைப் போட்டியில், அதாவது ரோஜாப் போர்களில், யார்க் குடும்பத்துக்கு வேல்ஸைக் கட்டிக்காக்க ஓர் ஆள் தேவைப்பட்டதே காரணம்.

அரச விசுவாசம் அவருக்குத் தாய்வழியில் வந்தது. பாட்டன் தாவித் காம், கிளின்டூரை எதிர்த்தவர். 1415இல் அஜின்கோர்ட் போரில் இங்கிலாந்துக்காக உயிர்விட்டவர். தந்தை வில்லியம் ஆப் தாமஸ் யார்க் கோமகனின் வேல்ஷ் நிலங்களை நிர்வகித்தவர். ராக்லன் கோட்டையை வாங்கிப் பெருக்கிக் கட்டியவர். தந்தை பெயரால் அறியப்படும் வேல்ஷ் வழக்கத்தை மகன் கைவிட்டு, ஹெர்பர்ட் என்ற குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டார்.

எனினும் அவர் கண்மூடித்தனமான யார்க் அணியினர் அல்லர். 1456இல் மைத்துனர் வால்டர் டெவரோவுடன் கார்மார்த்தன் கோட்டையைக் கைப்பற்றி லங்காஸ்டர் தரப்பின் எட்மண்ட் டியூடரைச் சிறைப்பிடித்தார்; அதே ஆண்டு நவம்பரில் எட்மண்ட் இறந்தார். மறு ஆண்டு லங்காஸ்டர் அரசவையின் மன்னிப்பைப் பெற்ற ஹெர்பர்ட், 1459இல் யார்க் தரப்பு சிதறியபோது ஒதுங்கியே நின்றார். 1461 பிப்ரவரியில் மார்ட்டிமர்ஸ் கிராஸ் களத்தில்தான் அவர் முழுமையாக யார்க் வாரிசு எட்வர்டின் பக்கம் சேர்ந்தார். அடுத்த மாதமே எட்வர்ட் அரசரானார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பெம்ப்ரோக் கோட்டை ஹெர்பர்ட்டிடம் சரணடைந்தது. உள்ளே எட்மண்டின் மகன், நான்கு வயதுச் சிறுவன் ஹென்றி டியூடர் இருந்தான். அவனுடைய காப்பாளர் உரிமையை 1462இல் ஹெர்பர்ட் 1,000 பவுண்டுக்கு வாங்கினார். சிறுவனுக்கு உரிய ரிச்மண்ட் நிலங்கள் பிறர் கைக்குப் போய்விட்ட நிலையில் இவ்வளவு தொகை ஏன்? காப்பாளருக்கு வாரிசின் திருமணத்தை முடிவு செய்யும் உரிமை உண்டு. தம் மகள் மாடை ஹென்றிக்கு மணமுடிக்க ஹெர்பர்ட் எண்ணியதை 1469இல் அவர் எழுதிய உயிலே காட்டுகிறது. எதிரியின் பிள்ளை ராக்லனில் ஹெர்பர்ட்டின் மனைவி ஆனின் பராமரிப்பில் வளர்ந்தான். ஒருநாள் நிலங்கள் மீண்டால் மருமகனாக்கிக்கொள்ளலாம் என்ற கணக்குதான் இது என்று கருதுகிறேன்.

ஏழாண்டுகள் லங்காஸ்டர் வசமிருந்த ஹார்லெக் கோட்டை 1468 ஆகஸ்டில் ஹெர்பர்ட்டிடம் பணிந்தது. தப்பியோடிய ஜாஸ்பர் டியூடரின் (எட்மண்டின் தம்பி) பெம்ப்ரோக் ஏர்ல் பட்டம் அடுத்த மாதமே அவருக்குக் கிடைத்தது. இவ்வேளையில் கவிஞர் கிட்டோர் கிளின், வடக்கிலுள்ள குவினெத் மக்களிடம் இரக்கம் காட்டி வேல்ஸை ஒன்றாக்குமாறு அவரை வேண்டிப் பாடினார். ஆங்கில ஆவணங்களில் அரசரின் ஆளாகத் தோன்றும் ஹெர்பர்ட், வேல்ஷ் பாடல்களில் ஒரு நாட்டின் தலைவராக நிற்கிறார். ஒன்றை மட்டும் படித்து அவரை எடைபோடுவது பிழை.

இந்த உயர்வு, யார்க் தரப்பின் செல்வாக்கு மிக்க பிரபுவான வார்விக் ஏர்லை உறுத்தியது. வேல்ஸின் பதவிகள் எல்லாம் ஒருவரிடம் குவிந்தன; ஹெர்பர்ட்டின் மகனோ அரசியின் தங்கையையே மணந்திருந்தான். 1469 ஜூலையில் வார்விக்கின் தூண்டுதலால் எழுந்த வட இங்கிலாந்துக் கிளர்ச்சியை அடக்க ஹெர்பர்ட் வேல்ஷ் படையுடன் புறப்பட்டார். பான்பரியில் தங்குமிடம் பற்றிய தகராறில், உடன் போரிட வந்த டெவன் ஏர்ல் பிரிந்து போனதாகக் குறிப்புகள் சொல்கின்றன. அவருடைய வில்லாளிகள் இன்றியே ஹெர்பர்ட் எட்ஜ்கோட்டில் போரிட நேர்ந்தது. தோல்வி முழுமையானது. ஜூலை 27 அன்று நார்தாம்ப்டனில் அவர் தலை துண்டிக்கப்பட்டது; தம்பி ரிச்சர்டும் கொல்லப்பட்டார். வேல்ஷ் கவிஞர்கள் இதை ஒரு குடும்பத்தின் இழவாக அல்ல, நாட்டின் இழவாகவே பாடினார்கள்.

ஹெர்பர்ட்டின் மகள் மாட் இறுதியில் மணந்தது ஹென்றி டியூடரை அல்ல, நார்தம்பர்லாந்து ஏர்ல் ஹென்றி பெர்சியை. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த்தில், ஹென்றி டியூடரை எதிர்கொண்ட யார்க் அரசர் மூன்றாம் ரிச்சர்டின் அணியிலிருந்த பெர்சியின் படை போரில் இறங்காமல் நின்றது. ரிச்சர்ட் களத்தில் விழுந்தார்; ராக்லனில் வளர்ந்த பிள்ளை ஏழாம் ஹென்றியாக அரியணை ஏறினான்.