நினைவிழப்பு நோயில் பிறழ்புரதங்களும் நரம்பிணைப்புச் சிதைவும்

மூளையில் இயல்பாக உண்டாகும் சில புரதங்கள் உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நரம்பணுக்கள் செய்தி கடத்தும் சினாப்ஸ் என்னும் இணைப்புகளைப் பழுதாக்குவதே பெரும்பாலான நினைவிழப்பு நோய்களின் அடிப்படை. டிமென்ஷியா எனப்படும் இந்த நினைவிழப்பு ஒரே நோயன்று. அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா, டௌ ஆகிய இரண்டும், லூயி உருண்டை நோயில் ஆல்பா சைனூக்ளினும், நெற்றி-பொட்டு மடல் சிதைவு வகைகளில் பெரும்பாலும் டௌ அல்லது டிடிபி-43 புரதமும் காரணமாகின்றன. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி வேறு வகை.

1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் ஆகுஸ்ட டீட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். 1906இல் அவர் இறந்தபின் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்து, அணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய முடிச்சுகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3 அன்று டியூபிங்கனில் அதைப் பற்றிப் பேசினார். 1910இல் மனநல மருத்துவர் கிரேப்பலின் தம் பாடநூலில் நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். படிவு எதனால் ஆனது என்பது 1980களில்தான் தெளிவானது. கிளென்னர், வோங் என்ற ஆய்வாளர்கள் அமிலாய்டு பீட்டாவை 1984இல் பிரித்தெடுத்தனர். முடிச்சுகளில் இருப்பது டௌ என்பது இரண்டாண்டு கழித்து உறுதியானது.

அதற்குப்பின் ஆராய்ச்சியின் பெரும்பகுதி படிவின் பின்னால் ஓடியது. ஓடியது அளவுக்கு மீறி என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் 1990, 1991 ஆண்டுகளிலேயே டிகாஸ்கி, ஷெஃப், டெர்ரி ஆகியோரின் ஆய்வுகள் வேறொன்றைக் காட்டிவிட்டன: நோயாளியின் அறிவுத்திறன் எவ்வளவு குறைந்தது என்பதோடு மிக நெருங்கிப் பொருந்துவது படிவின் அளவன்று, அழிந்துபோன சினாப்ஸுகளின் அளவு. நூற்பாலையில் கதிர் சுழன்றுகொண்டிருக்கும்போதே இழை அறுந்துவிடுவதுபோல, அணு உயிரோடிருக்கும்போதே இணைப்பு போய்விடுகிறது.

சிதைவு நடக்கும் விதம் இது. நரம்பணுவின் உறையிலுள்ள ஒரு பெரிய புரதத்தை இரு நொதிகள் வெட்டுவதால் 42 அமினோ அமிலம் வரை நீளமுள்ள துண்டுகள் உண்டாகின்றன. இவை சிறு கூட்டங்களாகச் சேர்ந்து, படிவாக இறுகுமுன் கரைந்த நிலையிலேயே சினாப்ஸில் பற்றுகின்றன. குளுட்டமேட் ஏற்பிகள் அங்கிருந்து குறைகின்றன. கற்றதை நிலைநிறுத்தும் நீள்கால வலுவேற்றம் தடைபடுகிறது. அணுவின் உட்சாரத்தைத் தாங்கவேண்டிய டௌ, பாஸ்பேட் மிகுந்து, தன் இடம் விட்டுக் கழன்று, இணைப்பு முட்களுக்குள் புகுகிறது. மூளையின் காவலணுக்களான மைக்ரோகிளியா நல்ல சினாப்ஸுகளையும் கழிவென்று விழுங்கிவிடுவதை 2016இல் எலிகளில் கண்டனர். இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட 2006ஆம் ஆண்டின் நேச்சர் கட்டுரை ஒன்று, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அது குறிப்பிட்ட ஒரு புரதக் கூட்டத்தைப் பற்றியது. அதனால் சினாப்ஸ் சிதைவு என்ற கருத்தே விழுந்துவிடவில்லை.

இந்தியாவின் பங்களிப்பு இவ்விடத்தில்தான் கனமானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, சினாப்ஸ் முட்களின் சட்டமான ஆக்டின் இழைகள் மிக இளம் எலிகளிலேயே, படிவு தோன்றுவதற்கு வெகுமுன்பே, குலைவதைக் காட்டியது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பாண்டிமாதேவி குழுவினர், மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்போர் மரிக்கொழுந்து என்றழைக்கும் கடற்பாசிக்கு அமிலாய்டு திரள்வதைத் தடுக்கும் தன்மை இருப்பதைக் கண்டனர். ஆய்வகக் குழாயில் தெரிந்தது மருந்தாகிவிடாது. வல்லாரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நாய்களுக்குப் பெயர்பெற்ற ராஜபாளையத்து வாசகருக்கு ஒரு செய்தி. மனிதனின் அமிலாய்டு பீட்டாவும் நாயினுடையதும் அமினோ அமில வரிசையில் ஒன்றே. எலியினுடையது மூன்றிடங்களில் மாறுபடும். எனவே ஆய்வக எலிக்குச் செய்வதுபோல் மனித மரபணுவைப் புகுத்தாமலே முதிய நாய்க்கு மூளையில் படிவு சேர்கிறது. டௌ முடிச்சு மட்டும் அரிது. பழகிய வாசலில் திகைத்து நிற்பது, இரவெல்லாம் உலவுவது, வீட்டாரை அடையாளம் தெரியாமற்போவது ஆகியவை அறிகுறிகள். கூப்பிட்டால் திரும்பாததை மட்டும் கணக்கில் எடுக்கக்கூடாது. வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு மிகுதி.

அமிலாய்டை அகற்றும் லெக்கானமாப் 2023இலும் டோனானமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. சரிவின் வேகத்தை ஓரளவு தணிக்கின்றன. போன இணைப்பை மீட்டுத் தருவதில்லை. மூளை வீக்கமும் நுண்கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இந்தியரிடையே இந்நோய் குறைவு என்ற நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காடு, ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்கிறது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, காதுகேளாமை உள்ளிட்ட 14 காரணிகளைக் கட்டுப்படுத்தினால் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணித்தது. இந்தக் காரணிகளில் முதலிரண்டுக்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பெரியவர் ஒருவருக்கு மறதி கூடினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் முதலில் தைராய்டும் பி12 வைட்டமினும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டின் குறைவால் வரும் மறதி சிகிச்சையால் சீராக வாய்ப்புண்டு.