கட்புல ஒளித் தொடர்பாடல்

கட்புல ஒளித் தொடர்பாடல் என்பது மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் கொண்டு கம்பியின்றித் தரவுகளை அனுப்பும் தொழில்நுட்பம் ஆகும். ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளி இதற்குப் பயன்படுகிறது. அறைக்கு வெளிச்சம் தரும் விளக்கே தரவுகளையும் அனுப்புவது இதன் சிறப்பாகும்.

வரலாறு

1880 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவரது உதவியாளர் சார்லசு சம்னர் டைன்டரும் ஒளிபேசியை உருவாக்கினர். பேசுபவரின் குரலால் அதிரும் ஆடி சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்தது; மறுமுனையில் செலீனியம் கலம் அவ்வொளியின் மாற்றங்களை மின்னோட்ட மாற்றங்களாக்கியது. இதன் மூலம் வாசிங்டன் நகரில் சுமார் 213 மீட்டர் தொலைவுக்குப் பேச்சு அனுப்பப்பட்டது. மேகமும் மழையும் ஒளியை மறித்ததால் இக்கருவி பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை.

2000களின் தொடக்கத்தில் யப்பானின் கெய்யோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெண்ணிற எல்.ஈ.டி. விளக்குகளைக் கொண்டு இம்முறையை ஆராய்ந்தனர். அப்போது எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹரால்ட் ஹாஸ், 2011 இல் ஆற்றிய உரையின் வழியாக லை-ஃபை என்ற பெயரைப் பரவச் செய்தார்.

செயற்படும் முறை

எல்.ஈ.டி. விளக்கின் மின்னோட்டத்தை மிக விரைவாகக் கூட்டிக் குறைத்து ஒளியின் செறிவு மாற்றப்படுகிறது. எளிய முறையில், ஒளிர்தல் 1 எனவும் அணைதல் 0 எனவும் கொள்ளப்படும். இம்மாற்றம் மிக விரைவாக நிகழ்வதால் கண்ணுக்கு ஒளி சீராகவே தோன்றும். பெறும் முனையில் ஒளியுணர் இருமுனையம் ஒளியை மீண்டும் மின்குறிகையாக மாற்றுகிறது. இழை விளக்கின் சூடான இழை உடனே குளிர்வதில்லை. ஆகையால் அது இதற்குப் பொருந்தாது.

வெண்ணிற எல்.ஈ.டி.யில் நீல ஒளியின் ஒரு பகுதி பாசுபரப் பூச்சில் பட்டு மஞ்சள் ஒளியாகிறது. இப்பூச்சின் ஒளி மெதுவாகவே மங்குவது வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனவே பெறும் கருவியில் நீல வடிகட்டி பொருத்தப்படுவதுண்டு.

நன்மைகளும் குறைபாடுகளும்

ஒளி சுவரை ஊடுருவாது. ஆகவே அறைக்கு வெளியிலிருந்து ஒற்றுக்கேட்பது கடினம். அடுத்த அறையின் விளக்கும் குறுக்கிடாது. வானலைக் குறுக்கீடு தவிர்க்கப்பட வேண்டிய மருத்துவமனைகளுக்கும் இது ஏற்றது. ஆனால் இதே பண்பினால் ஒவ்வோர் அறைக்கும் தனி விளக்கும் இணைப்பும் தேவைப்படுகின்றன. கருவியைக் கை மறைத்தாலும் தொடர்பு தடைபடலாம். நேரடிச் சூரிய ஒளி இரைச்சலை உண்டாக்கும். கருவியிலிருந்து விளக்கிற்குத் தரவு அனுப்பப் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர் பயன்படுத்தப்படுகிறது.

இந்தியாவில்

மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எர்நெட் நிறுவனம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், பிலிப்ஸ் லைட்டிங் ஆகியவற்றுடன் இணைந்து லை-ஃபை சோதனை நடத்தியதாக 2018 சனவரியில் செய்திகள் வெளியாயின. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நொடிக்கு 10 கிகாபிட் வேகம் எட்டப்பட்டதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. மின்சாரம் இருந்தும் ஒளியிழை வடம் பதிக்க இயலாத பகுதிகளுக்கு இணையம் வழங்குவது இதன் நோக்கங்களுள் ஒன்று.

சீர்தரங்கள்

கட்புல ஒளிக்கான ஐ.இ.இ.இ. 802.15.7 சீர்தரம் 2011 இல் வெளியானது. லை-ஃபைக்கான 802.11பிபி சீர்தரம் 2023 இல் ஏற்கப்பட்டது. இது 800 முதல் 1000 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துகிறது. எனவே லை-ஃபை எனப்படும் கருவிகள் அனைத்தும் கட்புல ஒளியில் இயங்குபவை அல்ல.