எலியட் கவுண்டியின் கட்சி மாற்றம்: 1872 – 2020

கென்டக்கி மாநிலத்தின் வடகிழக்கில், அப்பலாச்சிய மலைப்பகுதியில் இருக்கிறது எலியட் கவுண்டி. தலைநகர் சாண்டி ஹூக். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 7,350, பெரும்பாலும் வெள்ளையர். 1869இல் உருவான இக்கவுண்டி, 1872 முதல் 2012 வரை நடந்த 36 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியையே ஆதரித்தது. 2016இல் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு இங்கு 70 விழுக்காடு வாக்குகள் விழுந்தன.

நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதே அப்பலாச்சியாவின் கட்சி மாற்றத்துக்குக் காரணம் எனச் சொல்வது வழக்கம். தெற்கே உள்ள சுரங்கக் கவுண்டிகளுக்கு அது பெருமளவு பொருந்தும். எலியட்டோ புகையிலையை நம்பியிருந்த ஊர். எனவே காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

தொடக்கம் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்பு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த ஜான் மில்டன் எலியட்டின் பெயரையோ அவருடைய தந்தையின் பெயரையோ இக்கவுண்டி தாங்கியிருக்கிறது. எவருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இதே மலைப்பகுதியின் ஜாக்சன் கவுண்டி வடக்கின் பக்கம் நின்றது. போருக்குப் பின் அது குடியரசுக் கட்சியை விட்டு நகரவே இல்லை. ஒரே மலைப்பகுதியில் வாழ்ந்தவர்கள், வறுமையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கட்சி, தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்தது: தெற்கெனில் ஜனநாயகக் கட்சி, வடக்கெனில் குடியரசுக் கட்சி.

இப்படிப் பரம்பரையாக வந்த பற்று வேட்பாளரைப் பார்ப்பதில்லை. 1872இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், அடிமை முறையை எதிர்த்து எழுதிவந்த பத்திரிகையாசிரியர் ஹோரஸ் கிரீலி. அவருக்கும் எலியட் வாக்களித்தது. 1928இல் கட்சியின் கத்தோலிக்க வேட்பாளர் அல் ஸ்மித்தால் தெற்கின் பல பகுதிகள் கலைந்தபோதும், 1972இல் அதன் வேட்பாளர் மக்கவர்ன் நாடெங்கும் மண்ணைக் கவ்வியபோதும் அது அசையவில்லை.

இந்தப் பற்றுக்குத் தீனி போட்டவை இரண்டு. ஒன்று, கென்டக்கியின் மூடிய முதன்மைத் தேர்தல் முறை: ஒரு கட்சியில் பதிவு செய்தவர்தான் அக்கட்சியின் வேட்பாளர் தேர்வில் வாக்களிக்கலாம். ஷெரீப், கிளார்க், ஏன், ஜெயிலர்கூட இம்மாநிலத்தில் வாக்கு கேட்டுத்தான் பதவிக்கு வருகிறார். எலியட்டில் உண்மையான போட்டி ஜனநாயகக் கட்சிக்குள் நடந்ததால், அதற்குள் இல்லாதவருக்கு ஊர் விவகாரத்தில் குரலே இல்லை. வாக்காளர் பதிவேட்டில் அக்கட்சி பெருத்திருந்ததற்குக் கொள்கை மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது.

மற்றொன்று புகையிலை. பர்லி ரகத்தைத் தண்டோடு வெட்டி, குச்சியில் குத்தி, கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காற்றில் உலர்த்துவார்கள். பிறகு இலை உருவி, தரம் பிரித்து ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். சில ஏக்கர் வைத்திருந்த குடும்பங்களும் இதை நம்பிப் பிழைக்க முடிந்தது, ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் காலத்து 1938 சட்டம் தந்த ஒதுக்கீட்டாலும் விலைப் பாதுகாப்பாலும். 2004இல் அந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் முடித்து வைத்தது. ஒதுக்கீடு வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு பத்தாண்டுகளில் பிரித்துத் தரப்பட்டது. கட்சிக்கும் கொட்டகைக்கும் இருந்த நேரடித் தொடர்பு அத்தோடு அறுந்தது என்பது என் கணிப்பு. வாக்குக் கணக்கைக் கொண்டு இதை நிறுவ இயலாது. காலவரிசை இடம் தருகிறது, அவ்வளவே.

அந்த வரிசையைப் பாருங்கள். 2004இல் ஜனநாயகக் கட்சியின் கெர்ரி எலியட்டில் பெற்றது ஏறத்தாழ 70 விழுக்காடு. 2008இல் நாடெங்கும் கட்சியின் வாக்கு உயர்ந்தது. எலியட்டில் ஒபாமாவுக்குக் கிடைத்ததோ 61. நிறம் அதில் பங்கு வகிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவே முழு விளக்கமானால், அந்த 61 எப்படி வந்தது? 2012இல் 49 விழுக்காட்டோடு, சுமார் 60 வாக்கு வித்தியாசத்தில் ஒபாமா தப்பினார். அதே ஆண்டு மாநிலத்தின் ஜனநாயக முதன்மைத் தேர்தலில், எதிர்த்து நிற்க ஆளே இல்லாதபோதும், 42 விழுக்காட்டினர் ‘எவருக்கும் இல்லை’ என்று வாக்களித்திருந்தனர். ஆக, 2016க்கு முன்பே சுவர் விரிசல் கண்டிருந்தது.

அதிபர் தேர்தலில் வந்த மாற்றம் மாநிலத் தேர்தல்களில் அதே வேகத்தில் வரவில்லை. சாண்டி ஹூக்கைச் சேர்ந்த ராக்கி அட்கின்ஸ் 1987 முதல் 2019 வரை ஜனநாயகக் கட்சியின் சார்பில் மாநில அவையில் இருந்தார். 2019 ஆளுநர் தேர்தலில் அக்கட்சியின் ஆண்டி பெஷியருக்கு எலியட் பெரும்பான்மை தந்தது. அடுத்த ஆண்டே அதே கவுண்டியில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் டிரம்புக்கு வாக்களித்தனர்.