முதுமைத் தோற்றம் தணிக்கும் உயிரித் தொழில்நுட்பச் சருமப் பொருட்கள்

சருமச் சுருக்கம், வறட்சி, தொய்வு ஆகியவற்றைக் குறைப்பதற்காகக் கிரீமிலும் சீரத்திலும் சேர்க்கப்படும் பொருட்களில் ஒரு பகுதி, பாக்டீரியா, ஈஸ்ட், தாவரம் போன்ற உயிர்களைக் கொண்டு ஆக்கப்படுகிறது. ஹைலூரோனிக் அமிலம், மேல்தோல் வளர்ச்சிக் காரணி, ஸ்குவாலேன் மூன்றும் இவ்வகையில் முதன்மையானவை. முன்பு விலங்கு உடலிலிருந்து எடுக்கப்பட்டவற்றை இன்று தொட்டியிலும் பசுமைக் குடிலிலும் ஆக்குகிறார்கள் என்பதில் மூன்றுக்கும் ஒற்றுமை உண்டு. சருமத்தில் அவை செய்யும் வேலையோ வெவ்வேறு.

ஹைலூரோனிக் அமிலம்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் இருவரும் 1934இல் மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் பாகுநீரிலிருந்து இதைப் பிரித்தார்கள். குளூக்குரோனிக் அமிலமும் அசிட்டைல் குளூக்கோசமினும் மாறி மாறிக் கோத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலி இது. அந்தக் கட்டமைப்பு 1950களில்தான் மேயரின் ஆய்வகத்தில் தெளிவாயிற்று. 70 கிலோ எடையுள்ள மனித உடலில் சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் பாதியளவு சருமத்தில். மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது.

ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஸ் 1942இல் இதற்குக் காப்புரிமை கோரியபோது மனத்தில் வைத்திருந்தது மருத்துவத்தையோ அழகையோ அல்ல. அடுமனையில் முட்டை வெண்கருவுக்கு மாற்றாக இதைப் பயன்படுத்தலாம் என்பதே அவர் எண்ணம். பின்னாளில் அவரே இதைக் கண் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அவர் முறைப்படி தூய்மையாக்கிய பொருளை ஸ்வீடனின் ஃபார்மேசியா நிறுவனம் 1980 வாக்கில் 'ஹீலான்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. கண்புரை அறுவையின்போது விழியின் முன்னறை சரிந்துவிடாமல் தாங்கிநிற்க இதைச் செலுத்தினார்கள். மூலப்பொருள் சேவல் கொண்டை. கோழிப்பண்ணைகளிலிருந்து வாங்கிய சதைப்பற்றுள்ள கொண்டைகளை ஆல்கஹாலில் கழுவி, துண்டாக்கி, நீரில் ஊறவைத்தால் கற்றாழைச் சோறு போன்ற கொழகொழப்பு இறங்கும். அதிலுள்ள புரதத்தை நீக்குவதுதான் பெரும்பாடு. எவ்வளவு வடித்தாலும் பறவைப் புரதம் சிறிது தங்கிவிடக்கூடும் என்ற அச்சம் இருந்துகொண்டே இருந்தது.

தீர்வு ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் மேலுறையிலும் இதே அமிலம் இருப்பதை 1937இலேயே பதிவு செய்துவிட்டார்கள். விலங்கின் உடலிலுள்ள அதே சங்கிலியைத் தன்மேல் போர்த்திக்கொள்வதால், எதிர்ப்பு அணுக்களின் பார்வையிலிருந்து இந்தக் கிருமி தப்புகிறது. சேவலோ, மாடோ, கிருமியோ, மனிதரோ, சங்கிலியின் கண்ணிகள் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடிவது இதனால்தான்.

ஜப்பானின் ஷிசெய்டோ 1980களில் இதைத் தொழில் அளவிலான நொதித்தலாக வளர்த்தெடுத்தது. குதிரைகளைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிகஸ் இனமே பெரிதும் பயன்பட்டது. அமிலம் சுரக்கச் சுரக்கத் தொட்டிக் குழம்பு கெட்டியாகிக் கலக்கி திணறும். ஆக்சிஜன் உள்ளே பரவாது. எனவே லிட்டருக்குச் சில கிராம்களுக்கு மேல் விளைச்சல் ஏறுவது அரிது. நோய்க்கிருமியைத் தவிர்க்க விரும்பிய டென்மார்க்கின் நோவோசைம்ஸ், பாதுகாப்பான பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் இந்த அமிலத்தை உருவாக்கும் மரபணுவைப் பொருத்தி ஆக்கும் முறையை 2005இல் வெளியிட்டது. இன்று உலகச் சந்தையின் மையம் சீனாவின் ஷான்டோங் மாகாணம்.

வளர்ச்சிக் காரணியும் ஸ்குவாலேனும்

மேல்தோல் வளர்ச்சிக் காரணியை 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டார். 1986இல் ரீட்டா லெவி மோன்டால்சினியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதருக்குரியது 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். சுண்டெலியின் புரதத்திலிருந்து வேறுபட்டது. ஹைலூரோனிக் அமிலத்தைப் போல எந்த உயிரிலிருந்தும் எடுத்துக்கொள்ள இயலாது. மனித மரபணுவையே வேறொரு உயிரில் பொருத்த வேண்டும். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நீரிழிவுக் கால்புண்ணுக்கு இதைக் களிம்பாகத் தருகிறது. ஐஸ்லாந்தின் ஓ.ஆர்.எஃப். ஜெனெடிக்ஸ் நிறுவனம் புவிவெப்பக் குடில்களில் பார்லி வளர்த்து, அதன் விதையில் இப்புரதத்தைச் சேரவைத்து, 2010இல் முகச் சீரமாக விற்கத் தொடங்கியது. திறந்த புண்ணில் இதன் பயன் உறுதி. புண்ணில்லாத தோலின்மேல் பூசும்போது அந்த அளவு பயனை எதிர்பார்க்க இடமில்லை.

ஸ்குவாலேன், சுறாவின் ஈரலெண்ணெயில் ஜப்பானிய வேதியியலாளர் மித்சுமாரு சுஜிமோட்டோ 1906இல் கண்ட ஸ்குவாலீனிலிருந்து வருவது. ஸ்குவாலீன் மனிதச் சருமமெழுகிலும் உண்டு. காற்றில் எளிதில் கெட்டுப்போவதால் அதனுடன் ஹைட்ரஜன் சேர்த்து நிலைப்படுத்துகிறார்கள். கலிபோர்னியாவின் அமைரிஸ் நிறுவனம், கரும்புச் சர்க்கரையில் ஈஸ்ட்டை வளர்த்துப் பெற்ற ஃபார்னசீன் என்ற சேர்மத்தை இரண்டிரண்டாக இணைத்து ஸ்குவாலேனை ஆக்கியது. இம்முறைக்குச் சுறா ஈரல் தேவையில்லை. சுருக்கத்தை ஸ்குவாலேன் நீக்குவதில்லை. ஈரம் வெளியேறாமல் காத்துச் சருமத்தை மென்மையாக்குகிறது.

ஒப்பீடு

சருமத்தின் வெளியடுக்கை எளிதில் கடக்க மூலக்கூறின் எடை, டால்டன் என்ற அலகில், 500க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியை டச்சு ஆய்வாளர்கள் 2000இல் வகுத்தார்கள். விலையையும் விளம்பரத்தையும்விட இந்த ஓர் எண் வாங்குபவருக்கு அதிகம் சொல்கிறது. ஹைலூரோனிக் அமிலத்தின் வழக்கமான சங்கிலி பத்து இலட்சம் டால்டனுக்கும் மேல்; வளர்ச்சிக் காரணி ஏறத்தாழ 6,200; ஸ்குவாலேன் 423. வேதியியல் முறையில் ஆக்கப்படும், சுருக்கத்துக்குப் பூசும் மருந்தான ட்ரெட்டினாயின் 300 மட்டுமே. சுருக்கத்தைக் குறைப்பதில் அதற்கு நிகரான சான்றுகள் மேற்கண்ட எதற்கும் இல்லை.

ஹைலூரோனிக் அமிலச் சங்கிலியை நறுக்கிச் சிறிதாக்கினால் பலன் கூடுமா என்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. ஐந்து வெவ்வேறு அளவுச் சங்கிலிகளை 0.1 விழுக்காடு சேர்த்த கிரீம்களை 76 பெண்கள் கண்ணோரத்தில் 60 நாள் பூசினார்கள். ஐந்து வகையும் ஈரத்தையும் மீள்தன்மையையும் கூட்டின. சுருக்கத்தின் ஆழம் குறைந்தது 50,000, 1,30,000 டால்டன் வகைகளில்தான். தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரை இந்த அமிலம் பிடித்துவைக்கும் என்னும் பரவலான கூற்று மிகை.

தற்போது எக்டோயின் என்ற ஈரம் காக்கும் பொருள், மரபணு பொருத்தி ஆக்கப்படும் மறுசேர்க்கைக் கொலாஜன் ஆகியவையும் நொதித்தல் வழி கிடைக்கின்றன. முழுக் கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 3,00,000 டால்டன்; பூசினால் அது தோலின் மேற்பரப்பில் ஈரப்பூச்சாகவே நிற்கிறது.